அவரைக் கேட்ட கேள்வி

மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறவளுக்கு ஒரு வியாதி வரும். யார் வாயைத் திறந்தாலும் பொய் சொல்வதாகவே தோன்றும். இருமல் மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று வாங்கிக்கொண்டு கடைப் படியிலேயே மூடியைத் திருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தூக்க மாத்திரைக்கு வருகிறவர் டாக்டர் சீட்டு தொலைந்துவிட்டது என்று சத்தியம் செய்வார். போன வாரமும் அதே சட்டையில் வந்து அதே சத்தியத்தைச் செய்திருப்பார். இப்படிப் பல வருடம் நின்றால், முகத்தைப் பார்த்ததுமே இந்த ஆள் என்ன மறைக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்கிற திமிர் வந்துவிடும். எனக்கு வந்திருந்தது. கடையோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தேன்.

என் கணவருக்கு மரச் சாமான்களுக்கு பாலிஷ் போடுகிற வேலை. பேச்சு ரொம்பக் குறைவு. ஒரு கேள்வி கேட்டால் அதை உள்ளே வாங்கிவைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அவர் பதிலைக் கொண்டுவருவதற்குள் கேட்டவர் பஸ் ஏறிப் போயிருப்பார். அந்தப் பொறுமையெல்லாம் எனக்கு ஏது? கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது நான்தான். டீக்குச் சர்க்கரை எவ்வளவு என்றாலும் நான், சட்டை அளவு என்ன என்றாலும் நான். பட்டறையில் அவருக்கு 'வாயில்லாப் பூச்சி' என்று பெயர், எனக்கு 'ரேடியோ'. எங்கள் மகள் சின்ன வயதில், பக்கத்தில் படுத்திருக்கிறவரை விட்டுவிட்டு, "அப்பாவுக்கு இன்னும் தலை வலிக்குதாம்மா?" என்று என்னிடம் கேட்பாள். நானும் பெரிய மனுஷி மாதிரி, "இப்ப பரவால்ல" என்பேன். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது.

முதல் தடவை வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பிட்டு எழுந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார். முதுகு வரைக்கும் குத்துகிறது என்றார். நான் மருந்துக் கடைக்காரி ஆயிற்றே, வாயு மாத்திரை ஒன்றைக் கையில் வைத்தேன். அது வாந்தியோடு வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், வயிற்றின் மேல் ஜெல்லைத் தடவி ஸ்கேன் செய்தார்கள். கணையம் வீங்கியிருக்கிறது என்றார்கள். இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்து கிடக்கிற சுரப்பி அது. ஒழுங்காக இருக்கும்வரை அப்படி ஒன்று நமக்குள் இருப்பதே தெரியாது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அவரிடம்தான் குனிந்து கேட்டார், குடிப்பழக்கம் உண்டா என்று.

அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"உண்டு டாக்டர்."

இல்லை என்று அவர் முனகினார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் தலையை மெல்ல அசைத்தேன். அவர் அப்படித்தான் சொல்வார், நீங்கள் கண்டுகொள்ளாதீர்கள் என்று அர்த்தம். அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி. எப்போதிலிருந்து, எவ்வளவு, கடைசியாக எப்போது. ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை, இல்லை என்றே புரண்டார். ஊசித் தட்டோடு நர்ஸ் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள்.

நான் ஒன்றும் ஆகாயத்திலிருந்து பிடித்துச் சொல்லவில்லை. என் பக்கம் நியாயம் இருந்தது, மூட்டை மூட்டையாக இருந்தது. அவருடைய வேலையே ஸ்பிரிட்டில்தான். அரக்கைச் செதில் செதிலாக ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் சுற்றி அதில் தோய்த்து, மரத்தின் மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தூசி படியக்கூடாது என்று ஜன்னலை வேறு மூடிவிடுவார்கள். சாயங்காலம் அவர் உள்ளே வந்தால் அவருக்கு முன்னால் வாடை வரும். சட்டையிலா, கையிலா, வாயிலா என்று யார் கண்டது? கல்யாணமான புதிதில் அவர் குடித்ததும் உண்டு. என் தம்பி கல்யாண விருந்தில் குடித்துவிட்டு, எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். வாழ்நாளிலேயே அவர் அவ்வளவு பேசியது அன்றுதான். மறுநாள் வெட்கப்பட்டு, இனி தொடமாட்டேன் என்றார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று நான் சொன்னேன். விடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அந்தப் பேச்சு போகவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. போதாததற்கு, எங்கேயோ ஒரு பாலிஷ்காரர் வேலைக்கு வைத்திருந்த ஸ்பிரிட்டையே குடித்துச் செத்தார் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து அவர் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்தில் போய் மோந்துபார்ப்பேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றுகொடுப்பார்.

இரண்டாவது தடவை வலி வந்தபோது ஆளே போய்விடுவார் போலிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய். மகள் நிறைமாதமாக இருந்தாள், பதறி ஓடிவந்தாள். டாக்டரின் அதே கேள்வி, என்னுடைய அதே பதில். இந்த முறை அவர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒரு வாரத்துக்குள் மூன்றாவது தடவையும் வலி வந்து, டாக்டர் கேட்டபோது, என்னைப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? அவர் வலியில் துடிக்கிறார், எனக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி. பார்த்தாயா, நான் சொன்னேனா இல்லையா என்று எல்லாருக்கும் போன் போட்டேன். வலி தணிந்ததும் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். "இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்" என்றாள். அவர் அவள் தலையில் கையை வைத்து, குடிக்கமாட்டேன் என்றார். அவரும் அழுதார். நாங்கள் இரண்டு பேரும் அவரை மன்னித்தோம். மன்னித்துவிட்டோம் என்று அவரிடம் வாய்விட்டும் சொன்னோம்.

மன்னித்தேனே தவிர நம்பவில்லை. மகளுக்குப் பெண் பிறந்து, கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வந்து இருப்பதாகப் பேச்சு வந்தபோது, பச்சைக் குழந்தை வருகிற வீட்டில் இந்த வாடையெல்லாம் வேண்டாம் என்று சொல்லி அவரைப் பட்டறையிலேயே படுத்துக்கொள்ளச் சொன்னேன். எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். பார்க்கலாம் என்றேன். மாற்றுச் சட்டைகளையும் தலையணையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார். மகள் வந்து, இருந்து, குழந்தையோடு திரும்பியும் போய்விட்டாள். அவரை வீட்டுக்கு வரச்சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துப் படுப்பது சுகமாக இருந்தது, என்ன செய்ய.

நாலாவது வலி சின்னதாகத்தான் வந்தது. பட்டறை முதலாளி போன் செய்தார். போய்ப் பார்த்தேன். அவர் படுத்திருந்த பின்னறையில் கால் உடைந்த நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. விலைபோகாத சாப்பாட்டு மேஜை ஒன்றின் மேல் பாயை விரித்திருந்தார். ஓரத்தில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, அதன் மேல் ஆறிப்போன கஞ்சி. எண்ணெய் சேர்க்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அங்கேயும் கடைப்பிடித்திருக்கிறார். முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவர் குடிச்சு நான் பார்த்ததே இல்லம்மா. பனைமரத்தடியில பாலைக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்வாங்க" என்றார். குடிக்கிறவர் உங்களிடம் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டா குடிப்பார் என்று அவர் வாயை அடைத்தேன். என் வாய்க்கு அன்றுவரை யாரும் பூட்டுப் போடவில்லை.

இந்த முறை எங்களைப் பார்த்தது ஜீரணக் கோளாறுகளுக்கென்றே படித்த ஒரு டாக்டரம்மா. என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் அவசரமில்லாமல் புரட்டினாள். பிறகு அதே கேள்வி. அவர் தானாகவே, "ஆமா" என்றார்.

"என்ன குடிப்பீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். பரீட்சையில் பக்கத்து ஆளின் தாளைப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. அவருக்குப் பெயர் தெரியவில்லை. குடிகாரர் ஒருவருக்குத் தான் குடிப்பதன் பெயர் தெரியாமல் இருக்குமா? அதைக்கூட யோசிக்காமல் நான் கைகொடுத்தேன். வேலைக்கு வைத்திருக்கிற ஸ்பிரிட்தான் டாக்டர், இவர் வேறு எங்கே போகிறார் என்றேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "அந்த ஸ்பிரிட்டை இத்தனை நாள் குடிச்சிருந்தா இவருக்கு இந்நேரம் கண்ணு போயிருக்கணுமேம்மா" என்றாள்.

எனக்குத் தெரியும். அதுதான் கொடுமை. விஷம் என்று எழுதி ஒட்டிய ஸ்பிரிட் பாட்டில்களை நானே கடையில் அடுக்கிவைக்கிறேன். அதைக் குடித்தால் பார்வை போகும் என்று எத்தனையோ பேரை எச்சரித்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பட்டுப் போன்ற மரத்தில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் விளக்கில்லாமலே கண்டுபிடிக்கிறவர். இரண்டையும் ஒரு நாளாவது சேர்த்து யோசித்தேனா?

என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள். அவரை விட்டு என்னை யாரும் வெளியே அனுப்பியதில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்தேன். உள்ளே அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டபோது, வாய்வழியாக ஒரு குழாயை விட்டுப் பார்க்கப்போகிறோம் என்றாள். எண்டோஸ்கோப்பிதானே என்று என் கடை ஞானத்தைக் காட்டினேன். அதேதான், ஆனால் இந்தக் குழாயின் நுனியில் ஸ்கேன் செய்கிற கருவியும் இருக்கும் என்றாள். "வயித்து மேல வச்சுப் பாக்கறது, சாத்தின கதவுக்கு வெளிய நின்னு ஒட்டுக்கேக்கற மாதிரி. நடுவுல வாயு, கொழுப்புன்னு ஆயிரம் சத்தம். இது உள்ள போயிடும். இரைப்பைக்குள்ள நின்னா கணையமும் பித்தப்பையும் கைக்கெட்டற தூரம்." நான் கதவுக்கு வெளியே நின்றதை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறாளோ என்று எனக்குச் சுருக்கென்றது.

குழாய் விடுகிற நாளன்று காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. பட்டறையிலிருந்து நேரே வந்திருந்தார். சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, முதுகுப்பக்கம் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியை மாட்டிக்கொண்டார். முடிச்சுப் போட நான் போனேன், அதற்குள் நர்ஸ் போட்டுவிட்டாள். அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வெளி பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவருடைய தம்பிக்குக் கணையத்துக்குப் பக்கத்தில் நீர் பை மாதிரி கட்டி நிற்கிறதாம். இதே குழாயை விட்டு, இரைப்பைச் சுவரில் ஒரு சின்ன வழி செய்து, அந்த நீரை உள்ளேயே வடியவிடப் போகிறார்களாம். வயிற்றைக் கிழிக்கவேண்டாமாம். சொல்லி முடித்துவிட்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன என்று கேட்டார். ஜென்மத்தில் முதல் தடவையாக அவரைப் பற்றிய ஒரு கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெரியலைங்க, பார்த்துச் சொல்வாங்க என்றேன்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் நினைத்ததை இங்கே மறைக்க மனமில்லை. அவருக்கு ஒன்றும் இருக்கக்கூடாது என்று நான் நினைக்கவில்லை. குடித்துக் கெட்ட கணையமாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். இருக்கட்டும், கெட்டே போயிருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், கஞ்சி வைத்துக் கொடுத்து ஆயுசுக்கும் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் குடித்திருக்கவேண்டும். அவர் குடிக்கவில்லை என்றால் நான் யார்? இத்தனை நாள் நான் செய்ததற்கெல்லாம் என்ன பெயர்? மடியில் அவருடைய சட்டை கிடந்தது. கட்டின புருஷன் நோயாளியாகட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாயேடி பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டிக்கொண்டே திரும்பவும் அதையேதான் வேண்டினேன்.

டாக்டரம்மா வெளியே வந்து என்னை உள்ளே கூப்பிட்டாள். கணினித் திரையில் கறுப்பும் சாம்பலுமாக ஒரு படம் உறைந்து நின்றது. கணையம் இது என்று விரலால் ஓட்டிக் காட்டினாள். சுத்தமாக இருக்கிறது, பல வருடம் குடித்த கணையம் இப்படி இருக்காது என்றாள். பிறகு இன்னொரு படம். கறுப்பாக ஒரு பை, அதன் அடியில் பளபளவென்று என்னவோ படிந்திருந்தது.

"இது பித்தப்பை. அடியில இருக்கறது மணல் மாதிரி பொடிக்கல்லு. வெளிய இருந்து பாத்தா தெரியாத அளவுக்குப் பொடி. அப்பப்ப ஒண்ணு ரெண்டு கீழ இறங்கி கணையத்தோட வாயை அடைச்சிருக்கு. அதான் வலி. இப்பவும் பித்தநாளத்துல ரெண்டு துகள் நின்னுது, அதே மயக்கத்துலயே வேற குழாய் விட்டு எடுத்துட்டேன்."

பித்தப்பையை எடுத்துவிட்டால் இந்த வலி திரும்ப வராது, சீக்கிரமே எடுத்துவிடலாம் என்றாள். நான் தலையாட்டினேன். முதல் தடவையே இதைக் கண்டுபிடித்திருக்கலாமா என்று கேட்டேன். ஏன் கேட்டேன்? வாய், சும்மா இருக்குமா?

"தேடியிருந்தா கிடைச்சிருக்கும். ஆனா குடின்னு ஒரு பதில் கைல கிடைச்சிட்டா, அதுக்கு மேல யாரும் தேட மாட்டாங்க. தேடியிருக்கணும், எங்க மேலயும் தப்புதான்." பழைய ரிப்போர்ட்டைத் திருப்பிக்கொண்டே, "குடின்னு மொதல்ல யார் சொன்னது? இவரேவா?" என்றாள்.

"நான்தான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ரிப்போர்ட்டை மூடிவைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அந்தத் தவளையாவது தன்னைத்தான் கெடுத்துக்கொண்டது. என் வாயால் கெட்டது, வாயைத் திறக்காத இன்னொரு ஜீவன். இரண்டாவது தடவை மூக்கில் குழாயோடு கிடந்தாரே, அது நான் வாங்கிக்கொடுத்தது. மூன்றாவதும் நாலாவதும் நான் வாங்கிக்கொடுத்ததுதான்.

மயக்கம் தெளிகிற அறையில் அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். தொண்டை எரிகிறது என்று சைகை காட்டினார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். எல்லாருக்கும் எல்லாவற்றையும் கோவையாகச் சொல்கிறவளுக்கு அன்று முன்னுக்குப் பின் முரணாக வந்தது. மணல் என்றேன், கல் என்றேன், கணையம் சுத்தம் என்றேன், நீங்கள் குடிக்கவே இல்லை என்றேன். அவர் குடிக்கவில்லை என்பதை அவருக்கே போய்ச் செய்தியாகச் சொல்கிற ஒரே பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன்.

"மணலா?" என்றார். அவருக்கு அது மட்டும்தான் புதிது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். விரல் இடுக்கெல்லாம் அரக்கின் பழுப்பு. அழாதே, நர்ஸ் பார்க்கிறாள் என்றார். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திருப்பி என் கையைப் பிடிக்கவும் இல்லை.

"என்னங்க, வீட்டுக்கு வந்துடுங்க" என்றேன்.

வழக்கம்போல அந்தக் கேள்வியை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார். நான் காத்திருந்தேன். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தபோது கண்ணைத் திறக்காமலே, "பாக்கலாம்" என்றார். நான் அவருக்குச் சொன்ன அதே வார்த்தை. அதை அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, அவருக்கு அந்தக் குசும்பெல்லாம் கிடையாது. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

வராந்தாவுக்கு வந்து மகளுக்கு போன் செய்தேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை அழுகிற சத்தம் பின்னால் கேட்டது, அதைத் தூக்கக்கூட அவள் போகவில்லை. கடைசியில், "செய்யாத தப்புக்கு அவரை மன்னிச்சோமேம்மா" என்றாள். சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவள் கோபமும் நியாயம்தான். அவளாவது நான் சொன்னதை நம்பிக் கெட்டாள்.

பித்தப்பையை எடுப்பதற்காக அவரைச் சேர்க்கிற நாள் வந்தது. அதற்கு இடையில் தினமும் பட்டறைக்கு எண்ணெயில்லாத சாப்பாடு கொண்டுபோனேன். சாப்பிட்டார். பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தார். வீட்டுப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. முதலாளி என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பி மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லிவைத்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் திரும்ப போன் போட்டு, அவர் குடிக்கவில்லை, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். சரி சரி, விட்டுட்டா நல்லதுதானே என்று என் தம்பி சொன்னான். விடலைடா, குடிக்கவே இல்லை என்றேன். அதேதான், விடு என்றான். போனில் யாரையும் பிடித்து உலுக்க முடிவதில்லை.

சேர்க்கை மேஜையில் ஒரு நடுவயது நர்ஸ் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயது, எடை, சர்க்கரை இருக்கிறதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று வரிசையாகக் கேட்டாள். நாக்கு நுனிவரை பதில்கள் வந்து முட்டின. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவர் ஒவ்வொன்றாக, நிதானமாக, தானே சொன்னார். எடையைத் தப்பாகச் சொன்னார். திருத்தவில்லை.

"குடிப்பழக்கம்?"

"இல்ல" என்றார் அவர்.

நர்ஸ் திரையைப் பார்த்தாள். பழையதெல்லாம் அதில் இருந்திருக்கும். அப்புறம் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் எப்போதும் பார்க்கிற மாதிரி.

"இல்லைங்க. அவர் குடிக்கறதில்ல. முன்ன சொன்னது பொய். நான்தான் தெரியாம சொன்னேன்" என்றேன்.

நர்ஸ் லேசாகச் சிரித்தாள். எத்தனை பெண்டாட்டிகளைப் பார்த்திருப்பாள். கவுண்டரில் நான் சிரிக்கிற அதே சிரிப்பு. "ஆபரேஷன்னதும் எல்லா வீட்டம்மாவும் இப்படித்தான் சொல்றாங்க. மயக்க மருந்து கொடுக்கணும்மா, மறைக்கக் கூடாது. கடைசியா எப்ப குடிச்சார்? எவ்வளவு?"

இல்லை என்றேன். டாக்டரைக் கேளுங்கள் என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். நான் சொல்லச் சொல்ல அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இறுகிக்கொண்டே போனது. எனக்குக் கண் கலங்கியது. அப்போது அவர் என் பக்கம் சாய்ந்து, நர்ஸுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னார்.

"ஆமான்னு சொல்லிடு. இல்லைன்னா கேட்டுக்கிட்டே இருப்பாங்க. ஆமான்னா ஊசி போட்டுடுவாங்க."

கேலியாகச் சொல்லவில்லை. நல்ல மனதோடுதான், தெரிந்த வழியைச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். மூன்றாவது தடவை அவர் ஏன் ஆமாம் என்றார் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. நான் ஜெயித்துவிட்டதாகக் குளிர்ந்துபோன அந்த நாளில், அவருக்கு வலி தாங்கவில்லை. அவ்வளவுதான்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிடும்வரை நகரமாட்டேன் என்று நின்றேன். நர்ஸ் போனில் பேசினாள். கேட்டுக்கொண்டு, சரிங்க டாக்டர் என்று வைத்தாள். முகம் கொஞ்சம் மாறியது. எதையோ அழித்துவிட்டுத் திரும்பவும் அடித்தாள். மன்னிக்கச் சொல்லி அவரிடம் கேட்டாள். அவர் பரவாயில்லை என்றார்.

"ஆபரேஷன் முடிஞ்சு எங்க போய் இருப்பீங்க? விலாசம் சொல்லுங்க."

வீட்டு எண் என் வாயில் இருந்தது. தெருப் பெயர், மாடி, பக்கத்தில் இருக்கிற பள்ளிக்கூடம் எல்லாம் தயாராக இருந்தது. இது அவரைக் கேட்ட கேள்வி. மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் நேரம் எடுத்துக்கொண்டார். பின்னால் வரிசையில் நின்றவர் ஒருவர் செருமினார்.

அவர் பட்டறையின் விலாசத்தைச் சொன்னார். கதவு எண், சந்து, பின்னறை என்று தெளிவாகச் சொன்னார்.

நர்ஸ் அடித்துக்கொண்டே, "அங்க உங்களைப் பாத்துக்க யார் இருப்பாங்க?" என்றாள்.

அவர் மேஜை விளிம்பில் பாலிஷ் உரிந்திருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். ரொம்ப நேரம் காத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கப்போவதில்லை என்று உறுதியான பிறகுதான் பேசினேன்.

"நான் இருப்பேங்க" என்றேன். "அவர் சம்மதிச்சா."

நர்ஸ் அவரைப் பார்த்தாள். நானும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.